மணிக்குப் பின்னால் சொன்ன பெயர்கள்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் கரையோர ஊரான தாழைமுனையில் 2016 நவம்பர் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை காலை, அஞ்சலா தேங்காய் திருவியபோது சத்தம் வரவில்லை. பூ வழக்கம்போலத் தட்டில் விழுந்தது, பாதித் தேங்காயும் முடிந்தது, குசினிக்குள் மட்டும் ஒரு அசுமாத்தமும் இல்லை. காதுக்குள் தண்ணீர் போய்விட்டதாக்கும் என்று நினைத்துத் தலையைச் சரித்துத் தட்டினாள். தட்டியதும் கேட்கவில்லை. வெளியே கோழி கத்தியது மட்டும் நன்றாகக் கேட்டது. அதே காலையில் புங்குடுதீவில் தில்லைநாதன் ஐயாவின் இருமல் கேட்காததால் அந்த ஒழுங்கையில் மூன்று வீட்டார் அரை மணித்தியாலம் பிந்தி எழும்பினார்கள். வேலணையில் சறோஜினிதேவி ரீச்சர் கரும்பலகையில் எழுதினா, சோக்கட்டி கீச்சிடவில்லை. றொமேஷின் ஓட்டோ சத்தமே இல்லாமல் ஊர்காவற்துறைச் சந்திக்கு வந்து, ஒதுங்க நேரம் கிடைக்காத ஒரு ஆட்டை இடித்தது. அன்று வாடைக்காற்று பலம். படகுகள் கடலுக்குப் போகவில்லை.

இந்த நாலு பேரையும் இணைத்தது உறவுமல்ல, சமயமுமல்ல, ஒரு பாட்டு. அதைச் செய்தவன் அஞ்சலாவின் கணவன் அமலதாஸ். படகு எஞ்சின் திருத்துவது அவனுடைய தொழில். 2010இல் ரொறன்ரோவிலிருந்து மச்சான் ஜோர்ஜ் கப்பலில் போட்ட பெட்டிக்குள், பால்மா ரின்களுக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவே, பதினாறு ரப்பர் கட்டைகள் வைத்த ஒரு மெசின் இருந்தது. எந்தச் சத்தத்தையும் வெட்டி எடுத்து ஒரு கட்டைக்குள் வைத்துவிட்டால், தட்டும்போதெல்லாம் அதைத் திருப்பிச் சொல்லும். ஊரில் அதற்குத் தட்டுப்பெட்டி என்று பெயர் வந்தது. கூடவே ஜோர்ஜ், ராப் பாட்டு பிறந்த கதையை ஒரு கொப்பி நிறைய எழுதி அனுப்பியிருந்தான். எரிந்துபோன தெருக்களில் வளர்ந்த பெடியள், தகப்பன்மாரின் பழைய இசைத்தட்டுகளிலிருந்து மேளத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுப்பாட்டுச் செய்த கதை. பெரிய கொம்பனிகள் கதவைச் சாத்தியபோது வீட்டுக்குள்ளேயே லேபிள் என்கிற சொந்த இசைக் கொம்பனி தொடங்கி, கார் டிக்கியில் வைத்து விற்ற கதை. பாடினவனின் பெயர் உலகமெல்லாம் பரவ, மேளம் வெட்டினவனின் பெயர் மட்டையின் பின்பக்கத்தில் எறும்பளவில் நின்ற கதை. அமலதாஸ் அந்தக் கொப்பியை மூன்று தரம் வாசித்தான். போரில் எரிந்த தெருவுக்குத் தீவகத்திலும் பஞ்சமில்லை என்று அவனுக்குப் பட்டது.

அடுத்த வருசம், கடற்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஐஸ் அறைக்குள் திருக்கை றெக்கோட்ஸ் என்ற அவனுடைய லேபிள் தொடங்கியது. சுவர் ஒன்றரை அடித் தடிப்பு, வெளிச் சத்தம் உள்ளே வராது. பாடகன் நிருபன் வேலணைத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெடியன், மேடைப்பெயர் எம்.சி. கடலட்டை. தகப்பன் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு கிழமை சாப்பிடவில்லை என்பது ஊர்க்கதை. பழைய இசைத்தட்டுத் தேடி அவர்கள் புங்குடுதீவுக்குப் போனார்கள். வெளிநாடு போன சொந்தக்காரரின் பதினொரு வீடுகளுக்குத் திறப்பு தில்லைநாதன் ஐயாவிடம் இருந்தது. அவர் திறந்துவிட, கறையான் தின்ற அலுமாரிகளுக்குள்ளிருந்து நாதஸ்வரமும் நாட்டுக்கூத்தும் அவர்களுக்குக் கிடைத்தன. வரிகளில் எதுகை பிசகினால் சறோஜினிதேவி ரீச்சர் சிவப்புப் பேனையால் திருத்தினா. றொமேஷ் பாட்டுகளை ஓட்டோவில் நாள் முழுக்கப் போட்டுக் காட்டினான். அஞ்சலா எல்லோருக்கும் சோறு போட்டாள். முதல் சீடீ நூறு பிரதிகளையும் விற்றுக் கொடுத்தவர் சைக்கிளில் மீன் விற்ற குருசுமுத்து. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பெட்டிக்குள் ஐஸுக்கு மேல் சீடீ, சீடீக்கு மேல் பாரை மீன். இன்றைக்கும் அந்த நூறிலும் மீன் வெடுக்கு அடிக்கும், வைத்திருப்பவர்கள் அதை முகர்ந்துதான் அசல் என்று நிச்சயிக்கிறார்கள்.

குருசுமுத்து 2016 செப்ரெம்பரில் இறந்தார். தாழைமுனைக் கோயிலில் துக்கமணியை ஒற்றை ஒற்றையாக அடிப்பார்கள், ஒரு அடிக்கும் மற்ற அடிக்கும் நடுவே ஒரு பரலோகத்திலிருக்கிற செபம் சொல்லி முடிக்கிற நேரம். அடித்து முடிந்ததும் சந்தியில் நின்று ஒருவர் இறந்தவரின் பெயரைச் சொல்வார். கேட்டவர்கள் கையிலுள்ளதைக் கீழே வைத்து, சிலுவை அடையாளம் போட்டு, நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே என்று சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அன்று அமலதாஸ் மணிக்கூண்டுக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றான். பிறகு ஐஸ் அறையில் போட்டுப் பார்த்தபோது, இரண்டு மணிக்கும் நடுவே சரியாக எட்டு பார், அதாவது எட்டுத் தாளச்சுற்று மேளம் அடங்கியது. அளந்து வைத்ததுபோல் அப்படிப் பொருந்தினால் எந்தத் தொழில்காரன் விடுவான்? குருசுமுத்துவுக்கு அடித்த மணியின் மேலேயே குருசுமுத்துவுக்கான பாட்டைக் கட்டினான். பெயர் ‘ரெஜிபோம் பெட்டி’.

பாட்டின் முடிவில் நன்றி சொல்வது அந்தக் கலையின் வழக்கம். நிருபனும் கடைசி மணி அடித்து ஓய்ந்ததும் நாலு பெயர்களைச் சொன்னான்: தில்லைநாதன், சறோஜினிதேவி, றொமேஷ், அஞ்சலா. அமலதாஸின் பெயரை மறந்துவிட்டான். ஜோர்ஜின் கொப்பியில் வாசித்தது தன் தலையிலும் விடிந்ததே என்று அமலதாஸுக்கு மனம் நொந்தது, இரண்டு நாள் நிருபனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாட்டு நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தோர் தினத்தன்று யூரியூப்பில் ஏறியது. ஒரு கிழமையில் எண்பதாயிரம் பேர் கேட்டார்கள். ஒன்பதாம் திகதி தேங்காய் சத்தமில்லாமல் போனது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் காது டொக்டர் அஞ்சலாவின் காதில் ஒரு குறையும் இல்லை என்றார். குறை காதில் இல்லை என்பது அமலதாஸுக்கும் தெரியும். அவள் நடக்கிற சத்தம் அவனுக்கும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள், அவன் திடுக்கிட்டான். ஒருநாள் குருசுமுத்துவின் மனைவி கத்தரீனாவைப் பார்க்கப் போனபோது றொமேஷின் ஓட்டோ வீதியால் போனது. எஞ்சின் கேட்கவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. கத்தரீனா புட்டுப்பானையை இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை போட்டா.

“அக்கா, என்ன செய்யிறியள்?” என்றான் அமலதாஸ்.

“மணி அடிச்சுப் பேர் சொன்னால் செபிக்காமல் விடலாமோ தம்பி? என்ர மனுசனுக்கு அடிச்ச மணியெல்லோ அது. நித்திய இளைப்பாற்றியை இவையளுக்குத் தாரும் எண்டு சொல்லித்தான் விடுறனான்.”

“அவையள் நாலு பேரும் உயிரோட இருக்கினம் அக்கா.”

“அது எனக்குத் தெரியாதோ? வாய் அதைக் கேக்குதில்லையே.”

அமலதாஸுக்கு அப்போதுதான் விளங்கியது. கத்தரீனா மட்டுமல்ல, அல்லைப்பிட்டியில், அனலைதீவில், பாரிஸில், ரொறன்ரோவில், மணியோடு வளர்ந்த ஒவ்வொருவரும் பஸ்ஸிலும் சமையலறையிலும் அந்த மணி கேட்டதும் கையைத் தன்பாட்டில் நெற்றிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் நாலு உயிர்களுக்கு இளைப்பாற்றி கேட்டிருக்கிறார்கள். கேட்டது கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் கைகளின் சத்தம் இளைப்பாறியது, பிறகு கால்களின் சத்தம். அடுத்தது எது என்று அவன் எண்ணத் தொடங்கினான்.

பாட்டை அழிக்கவேண்டும் என்றதும் நிருபன் மறுத்தான். “அண்ணை, நாலு லட்சம் பேர் பாத்திட்டினம். இப்பதான் எங்கட லேபிளுக்கு ஒரு பேர் வந்திருக்கு. இதைப்போய் அழிக்கிறதோ?” அமலதாஸ் அவனைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அஞ்சலா பெரிய எவர்சில்வர் சட்டி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிச் சீமெந்து நிலத்தில் போட்டாள். சட்டி விழுந்தது, உருண்டது, சுவரில் முட்டி நின்றது. நிருபன் நின்ற இடத்திலேயே போனை எடுத்துப் பாட்டை அழித்தான். ஆனால் அதற்குள் ஆட்கள் அதைத் தரவிறக்கித் தங்கள் தங்கள் பெயரில் ஏற்றியிருந்தார்கள். சின்ன லேபிளின் பாட்டுக்கு வேலி ஏது? சுவாமியார் பூசையில், அந்தப் பாட்டுக்குச் செபிக்க வேண்டாம் என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து சொன்னார். ஊர் கேட்டுக்கொண்டது, நெற்றிக்குப் போகிற கை கேட்கவில்லை. அமலதாஸ் இரண்டாவது பாட்டு ஒன்றும் செய்தான். மூவேளைச் செபத்துக்கு அடிக்கிற திருந்தாதி மணியைப் போட்டு, நாலு பெயரும் சுகமாக இருக்கிறார்கள் என்று நிருபன் பாடினான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். அவர்களும் திருந்தாதி சொல்லிவிட்டுப் போனார்கள்.

2018 தவக்காலத்தில் ஒரு பகல், அஞ்சலா பருப்புக்கு உப்பு என்று தொடங்கி, வாய் அசைய, குரல் இல்லாமல் போனாள். அமலதாஸ் அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று ஐஸ் அறைக்கு ஓடினான். ஏதாவது ஒரு சத்தம் வேண்டும்போல் இருந்ததால் தட்டுப்பெட்டியைப் போட்டு ஸ்பீக்கரை முழுதாகத் திருப்பினான். நாலாம் கட்டைக்குள்ளிருந்து அஞ்சலாவின் குரல் வந்தது. “பருப்புக்கு உப்புப் போட்டாச்சோ எண்டு கேட்டனான். எங்க ஓடுறியள்?” அவன் நிலத்தில் குந்திவிட்டான். ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தான். ஒன்றில் தில்லைநாதன் ஐயா இருமினார். இரண்டில் ரீச்சர் ஒன்பதாம் வகுப்பை ஏசிக்கொண்டிருந்தா. மூன்றில் றொமேஷின் ஓட்டோ வளைவில் திரும்பியது. நாலில் தேங்காய், செருப்பு, விழுந்த சட்டி, அஞ்சலாவிடமிருந்து போன அத்தனையும். ஒன்றும் தொலைந்திருக்கவில்லை, எல்லாம் மணி இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு தாழைமுனைக்கு அது பழகிப்போனது. ஐஸ் அறையிலிருந்து அதற்கு அடுத்திருந்த தன் வீட்டுக்கு அமலதாஸ் வயர் இழுத்துவிட, அஞ்சலா குசினியில் வாயசைக்க, யன்னலில் கட்டிய ஸ்பீக்கர் பேசியது. ரீச்சரின் வகுப்புக்குப் போன் வழியாகப் பாடம் போனது. கண்ணுக்கு முன்னால் நிற்பவரின் குரல் பக்கத்திலிருந்து வருவதைப் பிள்ளைகள் இரண்டாம் நாளே மறந்துவிட்டார்கள். அமலதாஸால்தான் முடியவில்லை. அவனுக்குக் கணக்குத் தெரியும், மிஞ்சியிருப்பது நெஞ்சுச் சத்தம் ஒன்றுதான். தினமும் காலையில் அவள் நெஞ்சில் மைக்கை வைத்து, மீற்றர் ஊசி எவ்வளவு எழும்புகிறது என்று பென்சிலால் கோடு போட்டான். கோடு கோடாக இறங்கியது. மூன்று வருசம் அவன் அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துப் பயந்தான். கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்து பழைய பாட்டுகளைக் கேட்டது, ‘ரெஜிபோம் பெட்டி’யும் திரும்ப ஓடியது. 2021 ஓகஸ்ற் பதினாலாம் திகதி ஊசி அசையவில்லை. அமலதாஸ் அவள் மடியில் தலையை வைத்துப் பெருங்குரலில் அழுதான். அஞ்சலா சத்தமில்லாமல் அவன் தலையில் குட்டினாள். யன்னல் ஸ்பீக்கரில் ஒரு நெஞ்சு, நிமிடத்துக்கு எழுபத்திரண்டாக, நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தட்டுப்பெட்டியை நிறுத்த முடியாது. மற்ற மூவருடையதும் உள்ளே வந்துவிட்டதால், நிறுத்தினால் நாலு நெஞ்சும் நிற்கும். கடைக்குப் போகும் அமலதாஸ் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான். ஒரு கார் பற்றறியைத் துணைக்குக் கட்டி வைத்தான். 2022 பங்குனியில் நாடு முழுக்க மணிக்கணக்காகக் கரண்ட் நின்றது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு நாற்பதுக்குக் கார் பற்றறி இறங்கத் தொடங்கியதை விளக்கின் நிறத்தில் கண்டு, அவன் படகு கட்டும் துறைக்கு ஓடிப் படகொன்றின் பற்றறியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். வரும்போதே ஊர் அமைதியாகிவிட்டது தெரிந்தது. யன்னல் வழியாக அஞ்சலா அகப்பையோடு நிலத்தில் கிடப்பதைக் கண்டான். அவளிடம் போகக்கூடாது, மெசினிடம் போகவேண்டும். அந்த நாலு எட்டு வைக்க அவன் கால் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பதினைந்து வருசம் எஞ்சின் திருத்தியவன், பயத்தில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாறிக் கொழுவினான். நெருப்புப் பொறி பறந்தது. திருப்பிக் கொழுவினான். எல்லாமாக நாலு நிமிடம். இரண்டாம் கட்டை அடித்தது, மூன்றாம் கட்டை அடித்தது, நாலாம் கட்டை ஒரு தரம் தயங்கி அடித்தது. முதலாம் கட்டை அடிக்கவில்லை. புங்குடுதீவில் தில்லைநாதன் ஐயா கதிரையில் சாய்ந்தபடி, மடியில் பதினொரு திறப்புகளோடு இருந்தார்.

ஒருவரும் அமலதாஸைக் குற்றம் சொல்லவில்லை. வயது போனவர்தானே என்றார்கள். அந்த வருசம் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்ததால், கடற்தொழிலாளர் ஒவ்வொருவராக வந்து பற்றறிகளை ஐஸ் அறையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஜோர்ஜ் சூரிய மின்தகடு அனுப்பினான். ஒன்று நின்றால் மற்றது தானாக எடுக்கும்படி எல்லாம் கட்டியாயிற்று. இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று நிருபன் சொன்னான். ஆனால் அமலதாஸுக்குப் பயம் போகவில்லை. எஞ்சின் திருத்தப் போவதையும் விட்டான். யாழ்ப்பாணப் பக்கம் போகாமல் இரண்டு வருசம். சாப்பிடும்போது ஸ்பீக்கரில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே சோற்றுக்கை வாய்க்குப் போகாமல் நின்றது. அடுத்த துடிப்பு கேட்டபிறகுதான் விழுங்கினான்.

2023 ஒக்ரோபரில் ஒரு காலை, தேங்காய் திருவிக்கொண்டிருந்த அஞ்சலாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“இஞ்சேரும், பாட்டைத் திருப்பி ஏத்தப்போறன். இந்த முறை என்ர பேரையும் சொல்லி.”

அஞ்சலா நிமிர்ந்தாள். வாய் அசைந்தது, யன்னல் பேசியது. “உங்களுக்கு விசரோ? ஆர் பிறகு பற்றறி மாத்திறது?”

“நிருபனுக்குக் காட்டிக் குடுத்திட்டன். றொமேஷுக்கும் தெரியும். உங்கட பேருகள் இனி வேண்டாம், என்ர பேர் மட்டும்தான்.”

“அதுக்குள்ள வந்து என்ன காணப்போறியள்?”

“ஒண்டும் காணேல்லை. ஏழு வருசமா நான் வெளியில நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன். எனக்கு ஏலாது. நீர் நிண்டால் நானும் நிக்கவேணும், அவ்வளவுதான். பிறகு பயமில்லை.”

அஞ்சலா மிச்சத் தேங்காயையும் திருவி முடித்தாள். பிறகு யன்னல் சொன்னது, “சரி. ஆனால் உங்கட குறட்டையும் அதுக்குள்ள வரும். ரீச்சரிட்டை முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ.”

நிருபன் மைக்குக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்தான். “அண்ணை, அண்டைக்கே உங்கட பேரைச் சொல்லியிருக்கவேணும். மறந்துபோனன்.” அமலதாஸ் சிரித்தான். ஏழு வருசத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல். “நீர் மறந்தபடியால்தான் ஆரோ ஒருத்தன் பற்றறி மாத்த மிஞ்சினான். இப்ப சொல்லும்.” நவம்பர் இரண்டாம் திகதி பாட்டு ஏறியது. முன்னையது போலவே அதுவும் ஓடியது. கத்தரீனா கேட்டதும் கையைக் கட்டுப்படுத்தப் பார்த்தா, பிறகு விட்டுவிட்டா. தைப்பொங்கல் வர அமலதாஸின் சுத்தியல் சத்தமிழந்தது, ஆவணியில் குரல் போய் ஐந்தாம் கட்டையில் சேர்ந்தது. அடுத்த வருசம் பெரிய வெள்ளி கழிந்த திங்கட்கிழமை நெஞ்சும் வந்து சேர்ந்தது.

இப்போது ஐஸ் அறையை நிருபன் பார்க்கிறான். பற்றறிகளுக்கு வடிதண்ணீர் விடுவது ஊரின் முறை, கிழமைக்கு ஒரு வீடு, கோயில் பலகையில் பெயர் போட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் திடுக்கிடுகிறார்கள், அடுத்த நாள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்கிறார்கள்: ஓட்டோ போகிற சத்தம், இலக்கணப் பாடம், தேங்காய் திருவுகிற சத்தம், மத்தியானத்தில் ஒரு குறட்டை. திருக்கை றெக்கோட்ஸ் கடைசியாக வெளியிட்டது இதுதான் என்று நிருபன் சொல்கிறான். இதற்கு முடிவு இல்லாததால் சீடீயில் அடிக்க ஏலாதாம். அமலதாஸின் நெஞ்சு பெட்டிக்குள் வந்த அன்று மீற்றர் நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டுத் துடிப்புக் காட்டியது. பயந்தவனின் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும். பக்கத்திலிருக்கிற அஞ்சலாவின் கட்டையோடு ஒத்துவர அதை இழுத்துச் சரிப்படுத்தலாமா என்று நிருபன் யோசித்து, வேண்டாம் என்று விட்டான். அது தன்பாட்டில் இறங்கியது. ஆடி மாதத்தில் தொண்ணூறு, புரட்டாதியில் எண்பது. இப்போது நாலாம் கட்டையும் ஐந்தாம் கட்டையும் எழுபத்திரண்டில் அடிக்கின்றன.